பாதை ஓடுகிறது என்றொரு விடை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. என்னுடைய பொய்கள் பின்னால் வரும், அவற்றை அங்கங்கே காட்டிவிடுகிறேன். இது ஒரு அரசாங்கத் திணைக்களத்தின் பொய். பாராளுமன்றத்தில், சபாநாயகருக்கு முன்னால், அச்சில் ஏறும்படி சொல்லப்பட்டது: "பாதை ஓடுகிறது."

ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்தான் இதைச் சொன்னார். "ஓடுது எண்டு றேடியோவில சொல்லிட்டானுகள். சனம் முழுக்க துறையில வந்து நிண்டிட்டு!" அவர் சிரித்துவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுகா என்ன நடந்தது, சொல்லுங்கள் என்று அரித்தெடுத்தேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே மிச்சம் முழுவதும் நான் கட்டியது. கீழே வரும் தில்லைமுனை, கோரைவெளி என்ற இரண்டு ஊர்களையும் வரைபடத்தில் தேடி மெனக்கெட வேண்டாம்.

தொடக்கம் ஒன்று: "வாவி அமைதியாகக் கிடந்தது."

(கிழித்துவிட்டேன். யுத்த காலத்து வாவியை அமைதி என்று எழுதுகிறவனை நம்பாதீர்கள்.)

தொடக்கம் இரண்டு: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று..."

(பந்திக்காரருக்கு ஆண்டு ஞாபகமில்லை. தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்வோம்.)

தொடக்கம் மூன்று: "அன்னப்பூரணியின் கணவன் அக்கரையில் இருந்தான்."

ஆ! இது நிற்கட்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. அந்த ஆண்டுகளில் எழுவான்கரையில் அரசாங்கத்தின் ஆமி, படுவான்கரையில் அதை எதிர்த்துச் சண்டை பிடித்த இயக்கம். இடையில் தண்ணீர். இரண்டு மிதவைகளின் மேல் பலகை அடித்து, சுற்றிவரக் கம்பி போட்டு, ஆளும் சைக்கிளும் ஆடுமாடும் ஏறிக் கடக்கும் தெப்பத்துக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். எழுவான்கரைத் தில்லைமுனையிலிருந்து படுவான்கரைக் கோரைவெளிக்கு அப்படி ஒரு பாதை இருந்தது. இருந்தது என்றால் கரையில் கட்டிக் கிடந்தது.

2

அன்னப்பூரணி நகரத்தில் பாராளுமன்ற உறுப்பினர் அழகரத்தினத்தின் கந்தோரில் தட்டச்சுக்காரி. நியமனக் கடிதத்தில் அப்படி. உண்மையில், அந்தக் கந்தோரிலிருந்து கொழும்புக்குப் போன கேள்விகள் எல்லாம் அவள் வடித்தவை. உறுப்பினர் கையெழுத்து வைப்பார். சபையில் விடை வாசிக்கப்படும்போது தலையை ஆட்டுவார்.

அவளுக்குக் கேள்விகள் மேல் ஒரு பைத்தியம் என்றே சொல்லலாம். "பேச்சுக்கு ஆரும் பதில் சொல்லத் தேவையில்ல சேர். கேள்விக்குச் சொல்லித்தான் ஆகணும்" என்பாள். கேள்வி அமைச்சுக்குப் போகும், அங்கிருந்து திணைக்களத்துக்கு, அங்கிருந்து மாவட்டக் கந்தோருக்கு, கடைசியில் ஏதோ ஒரு மின்விசிறிக்குக் கீழே இருக்கிற யாரோ ஒருவர் பேனை எடுத்துப் பதில் எழுதியே தீர வேண்டும். அந்த ஒருவரின் முகத்தை நினைத்துப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம். சித்தாண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நெடுங்காலம் வராத கூரைத்தகடு, கேள்வி போன கையோடு லொறியில் வந்து இறங்கியது. அன்று அவள் கந்தோரில் எல்லோருக்கும் பால்தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

அவள் கணவன் வினாயகமூர்த்தி கோரைவெளியில் கணித ஆசிரியர். கலியாணம் முடித்துச் சில மாதம் வெள்ளிக்கிழமை தோறும் பாதையில் வந்து ஞாயிறு திரும்பிப் போனான். பிறகு ஒரு காலை வாவியில் துப்பாக்கிச் சூடு கேட்டது. பாதைக்காரர் பயந்து பாதையைக் கரையில் கட்டினார்கள். கட்டியது கட்டியதுதான். நிறுத்து என்று எவரும் சொல்லவில்லை, ஓட்டு என்றும் எவரும் சொல்லவில்லை. பாதைக்காரர் தினமும் வந்து வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, துறைக் கொட்டிலுக்குள் சீட்டு விளையாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சுற்றிப் போகப் பாலம் இருந்தது. அதால் போக ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். வினாயகமூர்த்திக்கும் அவளுக்கும் பாஸ் கிடைப்பது நின்றுபோனது.

அவனுடைய கடைசிக் கடிதம் ஒரு நோயாளியைக் கூட்டிவந்தவர் கையில் வந்தது. "திரும்பவும் மலேரியா. பயப்பட ஒன்றுமில்லை." பயப்பட ஒன்றுமில்லை என்ற வரியில் எழுத்து நடுங்கியிருந்தது. மருந்தும் ஆஸ்பத்திரியும் இந்தக் கரையில். பாதையைப் பற்றிச் சபையில் ஒரு கேள்வி போட வேண்டும் என்று அன்னப்பூரணி தீர்மானித்தாள்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். முதல் பிரதியைப் படித்த நண்பர் கேட்டார்: "உன் கதாநாயகி பாராளுமன்றக் கேள்வியைத் தன் புருசனுக்காகப் பாவிக்கிறாளே, இது சரியா?" நான் மிரண்டுபோய் ஒரு பத்தி சேர்த்தேன்: "படுவான்கரை மக்கள் அனைவரின் துயரமும் அவள் நெஞ்சைப் பிழிந்தது..." அடுத்த நாள் வாசித்துப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது. வெட்டிவிட்டேன்.]

அதே சந்தேகம் உறுப்பினருக்கும் வந்தது.

"புள்ள, கோவிக்காத. இந்தக் கேள்வி சனத்துக்கா, உன்ட புருசனுக்கா?"

"என்ட புருசன் சனமில்லியா சேர்?"

அழகரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கப் போவதில்லை.

3

கதை எழுதுவது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், அன்னப்பூரணி கேள்வி எழுதிய விதத்தைத்தான் காட்டுவேன்.

முதல் வரைவில் இப்படி எழுதினாள்: "பாதைச் சேவை நின்றுள்ளதால் மக்கள் சொல்லொணாத் துயரடைவதை அமைச்சர் அறிவாரா?"

உறுப்பினர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "அறிவேன் எண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவானுகள்."

அடுத்தது: "பாதைச் சேவை எப்போது மீண்டும் ஆரம்பிக்கப்படும்?"

"பாதுகாப்பு நிலைமை சீரானதும். முடிஞ்சிது. அந்த ஒரு கதவால எத்தின கேள்வி வெளியில ஓடியிரிக்கு, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள் மூன்று கடதாசியைக் கசக்கி எறிந்தாள். நெஞ்சு பிழியும் சொல்லெல்லாம் வெளியே போனது. எந்தப் பக்கத்தால் ஓடுவார்கள் என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு கதவாகச் சாத்தினாள். மதியச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவேயில்லை. திடீரென்று கைகொட்டிச் சிரித்தாள். பக்கத்து மேசைப் பெண் திடுக்கிட்டுப் போனாள்.

"(அ) தில்லைமுனைக்கும் கோரைவெளிக்கும் இடையிலான பாதைச் சேவையை நிறுத்துமாறு கட்டளை ஏதும் வழங்கப்பட்டதா என்பதையும்,

(ஆ) ஆமெனில், அதை வழங்கியவர் யார், எத்திகதியில் வழங்கினார் என்பதையும் அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(இ) இன்றேல், ஏன்?"

இந்தக் கடைசி இரண்டு சொல்லும் அவள் கண்டுபிடித்ததல்ல. சபையில் கேட்கப்படும் கேள்விகள் இப்படித்தான் முடியும். சொல்ல மாட்டாய் என்றால், ஏன் மாட்டாய் என்றாவது சொல் என்பது பொருள். ஆனால் அதைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் அவள் விசைகளைக் கொஞ்சம் ஓங்கி அடிப்பாள். கடதாசியின் பின்பக்கத்தைத் தடவினால் கைக்குத் தெரியும்.

4

[கேள்வி திணைக்களத்துக்குள் இறங்கிப் போன பயணத்தை நாலு பக்கம் எழுதினேன். "மேலதிகச் செயலாளர் கோப்பைத் திறந்தபோது மழை..." என்று ஒரு வசனம் பாதியில் நிற்கிறது. நிற்கட்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.]

கட்டளையைத் தேடினார்கள். கட்டளை இல்லை. கட்டளை இல்லாமல் பாதை நின்றது என்று எழுதினால், இத்தனை மாதம் நீ என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும். பாதைக்காரர் தினமும் வரவு வைத்திருக்கிறார்கள். வரவு இருந்தால் வேலை நடக்கிறது. வேலை நடந்தால் பாதை ஓடுகிறது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு ஏற ஏற, பாதை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. கொழும்பு போய்ச் சேர்ந்தபோது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

"(அ) இல்லை. மேற்படி பாதைச் சேவை தினமும் நடைபெறுகிறது. (ஆ) இக்கேள்வி எழவில்லை. (இ) எழவில்லை."

உறுப்பினர் அந்த விடையைக் கொழும்பிலிருந்து தொலைபேசியில் வாசித்து முடிக்குமுன் அன்னப்பூரணி கத்தினாள்.

"பச்சைப் பொய் சேர்! அது கட்டிக் கிடக்கிறத நான் போன கிழமையும் பார்த்தன்!"

"பொய்தான். ஆனா சபையில சொன்ன பொய். இனி அவனுகளால விழுங்கவும் ஏலா, துப்பவும் ஏலா. அடுத்த அமர்வில எழும்பிக் கேட்பன் பாரு."

"அடுத்த அமர்வு எப்ப சேர்?"

"அடுத்த மாதம்."

அடுத்த மாதம் வரைக்கும் மலேரியா காத்திருக்குமா? அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, தட்டச்சு இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். எல்லாக் கதவையும் சாத்தினேன், இவர்கள் சுவரையே உடைத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று நினைத்தாள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நல்ல சோகமான முடிவு, பரிசு கூடக் கிடைத்திருக்கும்.

ஆனால் அன்று பின்னேரம் றேடியோவின் தமிழ்ச் செய்தியில் அந்த விடையை வாசித்தார்கள்.

அந்த நாட்களில் எங்கள் சனம் றேடியோவைக் கேட்ட விதமே வேறு. ஊரடங்கு உண்டா, எடுத்தாச்சா, எந்த றோட்டு திறந்தது, எது பூட்டு, எல்லாம் றேடியோ சொல்லித்தான் தெரியும். அது சொன்னால் வெளிக்கிடுவார்கள், சொல்லாவிட்டால் வீட்டுக்குள் இருப்பார்கள். ஆகவே "தில்லைமுனை, கோரைவெளி பாதைச் சேவை தினமும் நடைபெறுகிறது" என்று கேட்டதும், திணைக்களம் பொய் சொல்கிறது என்று இரண்டு கரையிலும் ஒருவருமே நினைக்கவில்லை. பாதையைத் திறந்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். நாளைக்கு விடியப் போகலாம் என்று பெட்டி கட்டினார்கள்!

(இதை எழுதும்போது எழுந்து நின்று இரண்டு தரம் அறைக்குள் நடந்தேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை.)

5

காலையில் கந்தோர் வாசலில் பேப்பர் போட வந்த காத்தான்குடிக் கச்சி முகம்மது (எங்கள் பக்கத்து முஸ்லிம் அண்ணன்மார் எல்லோரும் காக்காதான்) சைக்கிளை விட்டு இறங்காமலே கத்தினார்.

"மிஸ்! உங்கட பாதை ஓடுதாமே! தில்லமுனத் துறையில கால் வைக்க இடமில்லயாம்!"

"ஓடல்ல காக்கா, அது பொய்!"

"அப்ப அந்தச் சனம்?"

அன்னப்பூரணி அவரிடமிருந்து ஒரு பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். காசு கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது, கச்சி முகம்மதுவும் கேட்டிருக்க மாட்டார்.

துறையில் உண்மையிலேயே திருவிழா. சைக்கிள்கள், அரிசிச் சாக்குகள், ஒரு தையல் மெசின், கட்டிலின் கால்கள் மட்டும். களுதாவளையிலிருந்து சீதேவிப்பிள்ளை என்ற பெண் இரண்டு கோழியும் ஒரு பலாப்பழமுமாக, அக்கரையில் மகள் பெற்ற பிள்ளையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்க வந்திருந்தாள். கொட்டில் வாசலில் பாதைக்காரர்களின் மூப்பர் நல்லரத்தினம், வேர்த்து ஒழுக, கையில் சீட்டுக் கட்டோடு நின்றார்.

"மிஸ், நீங்களாவது சொல்லுங்க. இது ஓடுற இல்ல எண்டு சொன்னா, என்னை அடிக்க வாறாங்க!"

"ஏன்கா பொய் சொல்றாய்?" என்றாள் சீதேவிப்பிள்ளை அவரைப் பார்த்து. "கொழும்பில சொல்லிட்டானுகள், உனக்கென்ன?"

அந்த நொடியில்தான் அன்னப்பூரணிக்கு விளங்கியது. விடை தன்னைத் தோற்கடிக்கவில்லை. விடை தன் கையில்தான் இருக்கிறது.

சென்றியில், ஆமியின் காவலரணில், இருந்த அதிகாரி கூட்டத்தைக் கண்டு திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். ஜீப்பில் திணைக்களப் பொறியியலாளர் வந்து இறங்கினார். இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்தார், திரும்ப ஏறலாமா என்று ஜீப்பைப் பார்த்தார். அன்னப்பூரணி பேப்பரோடு முன்னால் போய் நின்றாள்.

"சேர், இதில ஓடுது எண்டு போட்டிரிக்கு. உங்கட விடைதானே? ஓடுதா, இல்லியா?"

பொறியியலாளர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். இல்லை என்றால் தன் கையெழுத்து பொய், தனக்கு மேலே இருந்தவர்களின் கையெழுத்தும் பொய். எல்லாவற்றுக்கும் மேலே சபையில் எழுந்து நின்று வாசித்தவரின் வாய் பொய். இத்தனை பேரையும் பொய்யராக்கிவிட்டு அவர் எந்தக் கந்தோருக்குத் திரும்பிப் போவார்?

"ஓடுது" என்றார். தொண்டையைச் செருமினார். "ஓடுறதுதானே. இண்டைக்குக் கொஞ்சம் பிந்திப் போச்சு."

கூட்டம் ஊவென்று கூவியது. மாதக் கணக்காக ஓடாத பாதை, இன்றைக்குக் கொஞ்சம் பிந்திப் போனதாம்!

அதிகாரி உடைந்த தமிழில் பொறியியலாளரைக் கேட்டார்: "நிப்பாட்டுற ஓடர், கட்டளை, இருக்கா?"

"இல்ல."

"எனக்கும் வரல்ல." அவர் தோளைக் குலுக்கினார். "அடையாள அட்டை காட்டிப் போங்க."

"இன்ஜின்?" என்றார் நல்லரத்தினம் மெதுவாக. "சேர், இன்ஜின் திருத்தக் கொண்டுபோனது, இன்னும் வரல்லியே?"

பொறியியலாளர் வாவியைப் பார்த்தார். அவருக்குப் பதில் வாவியிலிருந்தே வந்தது. மீன்பிடிக்காரர் தோணிகளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "கயிறு இரிக்கா மூப்பர்? கட்டுங்க. நாங்க இழுக்கிறம்."

6

பாசி பிடித்த முடிச்சை நல்லரத்தினம் கத்தியால் அறுத்தார். அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவு இறுகியிருந்தது. தோணிகள் கயிற்றை இழுத்தன, பாதையில் நின்றவர்கள் நீண்ட கம்புகளை ஊன்றித் தள்ளினார்கள். மிதவை முனகியது, ஒரு பக்கம் சாய்ந்தது, கோழிகள் அலறின, பிறகு மெள்ள... மெள்ள... (இந்த வசனத்தை முடிக்க எனக்கு மனமில்லை. எவ்வளவு நேரம் அது நகர்ந்துகொண்டிருக்கிறதோ அவ்வளவு நேரம் நகரட்டும்.)

பொறியியலாளர் கரையிலேயே நின்று கைக்குட்டையை ஆட்டினார். ஏன் ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சிரித்துக்கொண்டு நின்றார். பொய்யை உண்மையாக்கிவிட்ட மனுசனின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்று தில்லைமுனை பார்த்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது, என்ன செய்ய?

அன்னப்பூரணி முன்பக்கக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கைப்பையில், கடிதம் வந்த நாளிலிருந்து சுமந்து திரிந்த மருந்துக் குளிசை. நடு வாவி வந்தது. இப்போது இரண்டு கரையும் ஒரே தூரம். பின்னால் ஆமியின் துவக்கு, முன்னால் இயக்கத்தின் துவக்கு. கம்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும்.

அக்கரையிலும் சனம் நின்றது. அவர்களுக்கும் றேடியோ இருக்கிறதே! பள்ளிக்கூடச் சீருடைகள் தெரிந்தன. அவற்றுக்கு முன்னால், தண்ணீரோரம், ஒரு கதிரை போட்டிருந்தது. பள்ளிக்கூடத்து மர நாற்காலி. நடக்க முடியாத ஒருவரைத் தூக்கிக்கொண்டுவந்து இருத்தினால் மட்டுமே துறையில் கதிரைக்கு வேலை. சுற்றிவர ஆட்கள் நின்றதால் கதிரையில் யாராவது இருக்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கிட்டப் போனாத் தெரியும் மகள்" என்றாள் சீதேவிப்பிள்ளை. கோழிகளை ஒரு கைக்கு மாற்றிவிட்டு, மற்றக் கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

7

மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில் வினாயகமூர்த்தி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "பிந்திப் போச்சே" என்று பகிடி விடுகிறான். அவள் தண்ணீருக்குள் குதித்து ஓடுகிறாள். இதை எழுதும்போது நான் பெரிதாகச் சிரித்தேன், வீட்டில் என்னவென்று கேட்டார்கள்.

இன்னொன்றில் கதிரை வெறுமை. தூக்கி வர ஆள் போயிருக்கிறது, இன்னும் வரவில்லை. அவள் கதிரையில் கை வைத்துக்கொண்டு...

மூன்றாவதில் ஒரு வெடிச் சத்தம். எந்தக் கரையிலிருந்து என்று

(இல்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன். அந்தக் காலத்தில் அப்படி எத்தனையோ முடிந்தது, எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மாட்டேன் என்கிறேன்.)

அன்னப்பூரணி என் இடத்தில் இருந்தால் முடிவு எழுத மாட்டாள். கேள்வி எழுதுவாள். நெஞ்சு பிழியும் சொல்லில்லாமல், ஓட ஒரு கதவில்லாமல். பிறகு யாரோ ஒருவர் பேனை எடுக்கும் வரை பொறுத்திருப்பாள். ஆகவே, வாசகரே, கேட்கிறேன். கவனமாகச் சொல்லுங்கள். இந்தக் கதையில் விடை ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அதை உண்மையாக்கியே தீர வேண்டும், கயிறு கட்டி இழுத்தாவது.

(அ) கோரைவெளித் துறையில் போடப்பட்டிருந்த கதிரையில் வினாயகமூர்த்தி இருந்தாரா என்பதையும்,

(ஆ) பாதை அக்கரையைத் தொட்டதா, மறுநாளும் ஓடியதா என்பதையும் வாசகர் இக்கதைக்கு அறிவிப்பாரா?

(இ) இன்றேல், ஏன்?